பாரடாக்ஸ் என்றால் முரண்பாடா?

'பாரடாக்ஸ்' என்ற சொல்லைத் தமிழில் 'முரண்பாடு' என்று எழுதிவிட்டுப் பலரும் நகர்ந்துவிடுகிறார்கள். அது போதாது. நேற்று தக்கலையில் மழை என்று ஒருவரும், மழையே இல்லை என்று இன்னொருவரும் சொன்னால் முரண்பாடு. யார் சொன்னது பொய் என்று தெரிந்ததும் தீர்ந்துவிடும். பாரடாக்ஸ் அப்படித் தீராது.

கிரேக்கத்தில் 'பாரா' என்றால் மாறாக. 'டாக்ஸா' என்றால் கருத்து. ஊர் நம்புவதற்கு மாறானது என்பதே முதல் பொருள். தத்துவத்தில் அது இறுகியது: ஒவ்வொரு படியும் சரியாகவே தோன்றும், வந்து சேர்ந்த இடத்தைத்தான் ஏற்க முடியாது. பழைய எடுத்துக்காட்டு, கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கிரேக்கத் தத்துவஞானி யூபுலிடீஸ் பெயரில் வழங்கும் பொய்யன் வாக்கியம். எங்கள் விளவங்கோடு பக்கம் பொய்யைக் கள்ளம் என்போம். "நான் இப்போ சொல்லுறது கள்ளம்." இது கள்ளமென்றால் சொன்னபடியே இருக்கிறது, ஆக உண்மை. உண்மையென்றால், சொன்னபடி கள்ளம்.

சுசீந்திரம் கோயிலில் முன்பு கைமுக்கு என்றொரு சோதனை இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும். அப்புறம் கையைக் கட்டிவைத்து, பிறகு அவிழ்த்துப் பார்ப்பார்கள். வெந்திருந்தால், குற்றம் செய்யவில்லை என்று அவர் சொன்னது பொய். திருவிதாங்கூரின் சுவாதித் திருநாள் மன்னர் நிறுத்திய கொடுமை அது. ஆனால் அதற்குள்ளும் ஓர் உண்மைக் கோட்பாடு இருந்தது: சொன்னதும் நடந்ததும் ஒத்தால் உண்மை. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வரும் ஒப்புமைக் கோட்பாடு இதுதான். 'உண்மை' என்ற நம் சொல்லும் 'உள்' என்ற வேரிலிருந்து பிறந்து, உள்ளதன் தன்மையைத்தான் குறிக்கிறது.

அந்த நெய்யின் முன்னால் ஒருவர் "நான் இப்போது சொல்வது பொய்" என்று மட்டும் சொன்னால்? கை வேகவும் வேண்டும், வேகாமலும் இருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க அந்த வாக்கியத்துக்கு வெளியே எதுவும் இல்லை. கருத்துகள் ஒன்றோடொன்று பொருந்தினால் உண்மை என்னும் ஒத்திசைவுக் கோட்பாடும் இங்கே கைகொடுக்காது. தன்னோடே பொருந்தாத வாக்கியம் வேறு எதோடு பொருந்தும்?

போலந்தின் தர்க்கவியலாளர் டார்ஸ்கி 1933இல் ஒரு வழி சொன்னார்: ஒரு மொழியின் வாக்கியம் உண்மையா என்பதை அதற்கு மேலான இன்னொரு மொழியில்தான் சொல்ல வேண்டும். கணிதத்துக்குச் சரி. நாமோ தமிழைப் பற்றியும் தமிழிலேயே பேசுகிறோம். 1975இல் அமெரிக்கத் தத்துவஞானி கிரிப்கி, சில வாக்கியங்கள் உண்மையும் ஆகாமல் பொய்யும் ஆகாமல் நின்றுவிடும் என்றார். எனக்கு இதுவே நெருக்கம். "நான் சொல்வதெல்லாம் பொய்" என்பவர் அந்த வாக்கியத்தையே சேர்த்துச் சொல்லவில்லை என்று சமஸ்கிருத இலக்கண அறிஞர் பர்த்ருஹரி எவ்வளவோ முன்பே தம் வாக்கியபதீயம் என்ற நூலில் எழுதியிருக்கிறார்.

சரி, தமிழ்ச் சொல்? 'முரண்' என்றால் எதிர்நிலை மட்டுமே. யாப்பின் முரண்தொடையில் எதிர்ச்சொற்கள் வந்தாலே போதும். "பொய்ம்மையும் வாய்மை யிடத்த" என்ற குறள் வரியை முரணுரை எனலாம், அதாவது கேட்டதும் முரணாகத் தோன்றி, விளக்கினால் பொருந்திவிடும் பேச்சு. "புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்று வள்ளுவரே அந்த முடிச்சை அவிழ்த்துவிடுகிறார். பொய்யன் வாக்கியத்தில் முடிச்சு அப்படியே இருக்கிறது. அதற்கு 'முரண்புதிர்' என்று எழுதுங்கள்.