13 வயசுல காலேஜ் முடிவு பண்ண பையன்: அமெரிக்க ஃபுட்பால்ல டீம் தேர்ந்தெடுக்கறது எப்படி நடக்குது?

2010ல டேவிட் சில்ஸ்னு ஒரு பையன், டெலவேர் மாநிலம், ஏழாம் கிளாஸ், வயசு 13. நாட்டோட அந்தக் கோடியில இருக்கற சதர்ன் கலிபோர்னியா யுனிவர்சிட்டியோட ஃபுட்பால் கோச் லேன் கிஃபின், உனக்கு ஸ்காலர்ஷிப் தர்றேன் வாடான்னு சொல்ல, பையனும் சரின்னுட்டான். நாடே பேசுச்சு. 2013ல கிஃபினை வேலைய விட்டு தூக்கிட்டாங்க, பையன் கடைசியில வெஸ்ட் வர்ஜீனியாவுல சேர்ந்தான், அதுவும் குவார்ட்டர்பேக்கா (பந்தை எறிஞ்சு ஆட்டத்த நடத்தறவன்) வந்தவன் ரிசீவரா (எறிஞ்ச பந்தைப் பிடிக்கறவன்) மாறி 2017 சீசன்ல 18 டச்டவுன் (எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் எடுக்கற ஸ்கோர்) பிடிச்சான். முடிவு எடுத்தப்ப இருந்த கோச் இல்ல, காலேஜ் இல்ல, ஆடற பொசிஷன்கூட அதே இல்ல.

நான் சொல்றது ஹெல்மெட் போட்டு ஆடற அமெரிக்கன் ஃபுட்பால். ஹைஸ்கூல்ல இத ஆடற பசங்க கிட்டத்தட்ட 10 லட்சம் பேர், அதுல காலேஜ் டீம்ல ஏதோ ஒரு லெவல்ல இடம் கிடைக்கறது 100க்கு 7 பேருக்குதான். மேல்மட்டத்துல 130 சொச்சம் டீம் இருக்கு. நிறைய பேருக்கு தேர்ந்தெடுக்கறதுங்கற பேச்சே இல்ல, வந்த ஒரு ஆஃபரை வாங்கிக்கறதுதான். ஆனா ஹைஸ்கூல் வீரர்களுக்கு மார்க் போடற வெப்சைட்டுங்ககிட்ட நாலு ஸ்டார், அஞ்சு ஸ்டார்னு (அஞ்சுதான் உச்சம்) ரேட்டிங் வாங்கின பசங்களுக்கு முப்பது நாப்பது ஆஃபர்கூட வரும், அங்கதான் கதை ஆரம்பிக்குது.

முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது, ஆஃபர்னா இடம் இல்ல. கோச் கையில இருக்கற இடத்தவிட பல மடங்கு ஆஃபர் வெளிய போயிருக்கும். பையன் வாயால "வர்றேன்"னு சொன்னா அது கமிட்மென்ட், ஆனா அது பையனையும் கட்டுப்படுத்தாது, காலேஜையும் கட்டுப்படுத்தாது. பையன் கடைசி நிமிஷத்துல மாறலாம், காலேஜும் அதவிட நல்ல பையன் கிடைச்சா போன் எடுக்கறத நிறுத்திடலாம், கையெழுத்து போடற வரைக்கும் ரெண்டு பக்கமும் காத்துல கட்டின கோட்டைதான்.

அப்புறம் ஏன் 13 வயசுலயே ஆஃபர்? இதுக்கு எகனாமிக்ஸ்ல நல்ல விளக்கம் இருக்கு. 2012ல நோபல் வாங்கின ஆல்வின் ராத் இந்த மாதிரி சந்தைங்கள வருஷக்கணக்கா ஆராய்ஞ்சவர். 1940கள்ல அமெரிக்க ஆஸ்பத்திரிங்க புது டாக்டர்கள பிடிக்க ஒண்ணுக்கொண்ணு முந்தி முந்தி, படிப்பு முடிய ரெண்டு வருஷம் இருக்கும்போதே ஆள் எடுக்க ஆரம்பிச்சிடுச்சு. நான் காத்திருந்தா பக்கத்து ஆஸ்பத்திரி தூக்கிட்டு போயிடும்ங்கற பயம்தான். 1952ல எல்லாரும் விருப்ப வரிசைய ஒரே இடத்துல குடுத்து பொருத்தற முறை வந்ததும் அந்த ஓட்டம் அடங்குச்சு. ஃபுட்பால்ல அப்படி ஒரு பொது இடம் கிடையாது. தேதி மட்டும் வெச்சிருக்காங்க: ஹைஸ்கூல்ல ஒரு குறிப்பிட்ட தேதிக்கு அப்புறம்தான் கோச் நேரடியா மெசேஜ் பண்ணலாம், 2017லேர்ந்து டிசம்பர்லயே கையெழுத்து போடலாம், 2017க்கு முன்னாடி பிப்ரவரி வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. தேதி வெச்சா மட்டும் அவசரம் நிக்காது, முன்னாடி நகரும், அவ்வளவுதான்.

சரி, பையன் மண்டைக்குள்ள என்ன நடக்குது? 2000ல நோபல் வாங்கின டேனியல் மெக்ஃபேடன் குடுத்த கணக்கு முறை ஒண்ணு இருக்கு. ஒருத்தர் முன்னாடி நாலு வழி இருந்தா ஒவ்வொண்ணுக்கும் மனசுக்குள்ள ஒரு மார்க் போடறாரு, அதிக மார்க் வாங்கினத எடுக்கறாருன்னு வெச்சுக்கோங்க. மார்க் நமக்கு தெரியாது, ஆனா ஆயிரக்கணக்கான பேர் எதை விட்டு எதை எடுத்தாங்கன்னு பார்த்தா எந்த விஷயத்துக்கு எவ்வளவு எடைன்னு பின்னாடிலேர்ந்து கண்டுபிடிக்கலாம். மக்கள் பஸ்ல போவாங்களா ரயில்ல போவாங்களான்னு கணிக்க அவர் பயன்படுத்தின அதே முறைய ஃபுட்பால் பசங்க மேலயும் போட்டு பாத்திருக்காங்க, டீமோட வெற்றி மாதிரி விஷயங்களோட சேர்ந்து தூரமும் முக்கியமான காரணமா வருது. வீட்டுக்கு பக்கத்துல இருக்கற காலேஜுக்கு வாய்ப்பு அதிகம். சனிக்கிழமை மேட்ச்சுக்கு அம்மா அப்பா கார்லயே வந்து பாத்துட்டு போலாமாங்கறது ஒரு 17 வயசு பையனுக்கு சின்ன விஷயமே இல்ல.

அடுத்தது ஆட சான்ஸ் கிடைக்குமாங்கறது. குவார்ட்டர்பேக்னா களத்துல ஒருத்தன்தான், முன்னாடி எத்தன பேர் நிக்கறாங்கன்னு எல்லாரும் பாப்பாங்க. பாத்தும் காத்திருக்கறவங்களும் உண்டு, ஆர்ச் மேனிங் டெக்சாஸ்ல சேர்ந்து குவின் யூவர்ஸ் பின்னாடி 2023, 2024 ரெண்டு சீசன் நின்னு 2025லதான் டீமோட நிரந்தர முதல் குவார்ட்டர்பேக் ஆனாரு. பெரிய கனவு இருக்கறவனுக்கு என்எஃப்எல்ங்கற தொழில்முறை லீக்கோட கதவு எங்க திறக்குதுங்கறதுதான் கண்ணுல நிக்கும், என்எஃப்எல் டீமுங்க காலேஜ் வீரர்கள வரிசையா எடுக்கற டிராஃப்ட்ல, 2021ல முதல் ரவுண்டுலயே அலபாமா யுனிவர்சிட்டிலேர்ந்து 6 பேர் போனாங்க, அதுக்கு மேல ஒரு கோச் வாயத் திறந்து பேசவே வேணாம்.

ஆனா என்னை கேட்டா இந்த கணக்குல ரொம்ப ஆபத்தான எடை கோச் மேல வெக்கற நம்பிக்கைதான். வீட்டுக்கு வர்றது, அம்மாகிட்ட பேசறது, பிறந்தநாளுக்கு மெசேஜ் அனுப்பறது எல்லாம் அவர்தான், பையன் சேர்றது காலேஜ்ல இல்ல, அந்த மனுஷன்கிட்ட. அந்த மனுஷன் எப்ப வேணா போவாரு. 2024 ஜனவரி 10 அலபாமா கோச் நிக் சேபன் ரிட்டயர் ஆனாரு, உடனே அலபாமாவோட இளம் ஸ்டார் கேலப் டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மாறிட்டாரு. அஃபிஷியல் விசிட்னு காலேஜ் செலவுல பையனையும் குடும்பத்தையும் கூட்டிட்டு போய் ஹோட்டல், சாப்பாடு, ஜெர்சி போட்டு போட்டோன்னு அசத்துவாங்க, அந்த ரெண்டு நாள்ல கோச்சோட பேசறத குறைச்சுட்டு பெஞ்சுல உக்காந்திருக்கற ரெண்டாம் வருஷ பையன்கிட்ட பேசணும், உண்மை அவன்கிட்டதான் கிடைக்கும்.

2021 ஜூலை 1லேர்ந்து வீரர்கள் தங்களோட பேர், முகத்த வெச்சு சம்பாதிக்கலாம்னு ஆனதும் பணம் வெளிப்படையா உள்ள வந்துடுச்சு, 2025 ஜூலைலேர்ந்து காலேஜே நேரடியா வீரர்களுக்கு பங்கு குடுக்குது, முதல் வருஷத்துக்கு ஒரு காலேஜுக்கு எல்லா விளையாட்டும் சேர்த்து உச்சவரம்பு சுமார் 2 கோடி டாலர். பிரைஸ் அண்டர்வுட் லூசியானா ஸ்டேட்டுக்கு வர்றேன்னு சொல்லியிருந்தவர், 2024 நவம்பர்ல மிச்சிகனுக்கு மாறினாரு, பெரிய தொகைன்னு செய்தியெல்லாம் வந்துச்சு, ஆனா அவர் ஊர் பெல்வில், மிச்சிகன் யுனிவர்சிட்டிலேர்ந்து அரை மணி நேரம்தான், முதல் வருஷமே ஆடவும் செஞ்சாரு. பணம் மட்டும்தான்னு எழுதறவங்க மத்த ரெண்டையும் விட்டுடறாங்க. பேசின பணம் கைக்கு வரும்னும் இல்ல, ஜேடன் ராஷாடாவுக்கு ஃபுளோரிடா பக்கம் பேசின 1 கோடியே 38 லட்சம் டாலர் டீல் உடைஞ்சு, அவர் அங்க சேராமயே வேற காலேஜ் போய் 2024ல வழக்கு போட்டாரு.

இப்ப டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (காலேஜ் மாற நினைக்கற வீரர்கள் பேர் பதியற பட்டியல்) வழியா வேற காலேஜுக்கு மாறி அடுத்த சீசனே ஆடலாம், அதனால முதல் முடிவு தப்பானாலும் வழி இருக்குன்னு பசங்க தைரியமா பெரிய டீம எடுக்கறாங்க. ஆனா கோச்சும் அதே போர்ட்டல்ல 21 வயசு, ரெண்டு சீசன் ஆடின ஆளா பாத்து எடுக்கறாரு, டீம்ல மொத்தமே 105 இடம்தான். அதுல அடி வாங்கறது மூணு ஸ்டார் பசங்க: முன்னாடி ஆஃபர் குடுத்திருக்கக்கூடிய பெரிய காலேஜ் இப்ப "பாக்கலாம்"னு இழுக்குது, அதனால நிறைய பேர் சின்ன காலேஜுல சேர்ந்து ரெண்டு வருஷம் ஆடிட்டு மேல தாவலாம்னு திட்டம் போட்டே கையெழுத்து போடறாங்க.