கோழி சாசேஜும் பாலூட்டி இறைச்சி ஒவ்வாமையும்

பாலூட்டி இறைச்சி ஒவ்வாமை உள்ள தமக்குக் கோழியும் மீனும் ஒத்துக்கொள்ளும்போது, கோழி சாசேஜ் மட்டும் ஏன் நள்ளிரவில் உடலெங்கும் தடிப்பை எழுப்புகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். முதலில் சந்தேகிக்க வேண்டியது அதன் உறையை. உள்ளே இருப்பது கோழியே ஆனாலும், மேலுறை பன்றிக் குடலாகவோ ஆட்டுக் குடலாகவோ இருப்பதுண்டு.

இந்த ஒவ்வாமையைத் தூண்டுவது ஆல்ஃபா-கால் என்னும் சர்க்கரை. மனிதரையும் சில குரங்கினங்களையும் தவிர்த்துப் பெரும்பாலான பாலூட்டிகளின் உடலில் அது உண்டு. சில வகை உண்ணிகள் கடித்தபின் சிலருக்கு அதற்கெதிராக, ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருள் உருவாகிவிடுகிறது. இதே சர்க்கரையைக் கொண்ட செடுக்சிமாப் என்னும் புற்றுநோய் மருந்தைச் செலுத்திய சில நிமிடங்களிலேயே சிலருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டது ஏன் என்று தேடியபோதுதான், 2008இல் இந்த எதிர்ப்பொருள் அடையாளம் காணப்பட்டது.

மருந்துக்கு நிமிடங்களில் வந்த எதிர்வினை, இறைச்சிக்கு மட்டும் இரண்டு முதல் ஆறு மணி நேரம் கழித்து வருவதுதான் என்னை மிகவும் கவர்ந்த புதிர். ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம் கொழுப்பின் பாதையைப் பற்றியது. மருந்து நேரே இரத்தத்தில் கலக்கிறது. இறைச்சியிலோ ஆல்ஃபா-காலின் ஒரு பகுதி கொழுப்போடு பிணைந்திருக்கிறது. அக்கொழுப்பைச் சிறுகுடலின் செல்கள் உடைத்து உள்வாங்கி, மீண்டும் கோத்து, கைலோமைக்ரான் எனப்படும் நுண்துகள்களாகக் கட்டி, இரத்தக் குழாய்க்குள் விடாமல் நிணநீர்க் குழாய்களுக்குள் அனுப்புகின்றன. அங்கிருந்து மெல்ல மேலேறி, கழுத்தடியில் உள்ள பெருஞ்சிரையை அடைந்த பிறகே அவை இரத்தத்தில் கலக்கின்றன. கொழுப்பு மிகுந்த துண்டு அதிகத் தொல்லை தருவதற்கும், மாலையில் உண்டது நள்ளிரவில் எழுப்புவதற்கும் இதுவே காரணமாகலாம்.

இத்தாமதத்தால், உண்டவுடன் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து ஓர் உணவைப் பாதுகாப்பானது என முடிவு செய்ய முடியாது. சமையல் வெப்பம் இந்தச் சர்க்கரையை அழிக்காது என்பதால், நன்றாக வேகவைப்பதும் உதவாது. ஆகவே பன்றிக் கொழுப்பு, எலும்புச் சாறு, ஜெலட்டின் ஆகியவற்றைப் பொருள் பட்டியலில் தேட வேண்டும். ‘இயற்கைச் சுவையூட்டி’ என்று மட்டும் இருந்தால் தயாரிப்பாளரிடமே மூலம் கேட்க வேண்டும். அமெரிக்கச் சட்டம் அறிவிக்கச் சொல்லும் 9 முக்கிய ஒவ்வாமை உணவுகளில் பால் இருக்கிறது, பாலூட்டி இறைச்சி இல்லை. இது திருத்தப்பட வேண்டிய குறை என்பதே என் உறுதியான கருத்து.

இந்த ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பால் ஒத்துக்கொள்கிறது. அதை விடுவதா, தொடர்வதா என்பதை மருத்துவரோடு பேசியே தீர்மானிக்க வேண்டும். மாத்திரை உறையின் ஜெலட்டினும், பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் என்னும் மருந்தும் இதே கேள்விக்கு உரியவை என்பதால், அறுவைச் சிகிச்சைக்கு முன் இந்த ஒவ்வாமையை மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.