கூட வந்தவருக்கு என்ன தெரியும்?

செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் மருத்துவமனை. சின்னதுதான், 20 படுக்கை. புளியரை செக்போஸ்ட் தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் யாருக்கு என்ன ஆனாலும், புனலூரைவிடச் செங்கோட்டை பக்கம் என்று வண்டியை இந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். ஜூனில் சாரல் விழுந்தால் குற்றாலத்துக்கு மட்டுமல்ல, எங்களுக்கும் சீசன். வழுக்கி விழுந்த மணிக்கட்டு, அட்டை கடித்த கால், கண்ட நேரத்தில் கண்டதைத் தின்று கலங்கிய வயிறு.

கொஞ்ச வருஷமாக, முதுகில் பெரிய பையை மாட்டிக்கொண்டு இரண்டு இரண்டு பேராக வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். குற்றாலத்தில் குளியல், பாலருவி, அங்கிருந்து வர்க்கலை, கோவளம், கடைசியில் திருவனந்தபுரமோ கொச்சியோ. எந்த ஊரில் எந்த பஸ், எந்த லாட்ஜில் வாடகை குறைவு என்பதெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒருவரைத் தூக்கி வந்து படுக்கையில் போட்டதும் மற்றவரிடம் நான் கேட்பது வேறு. இவருக்கு ஏற்கனவே ஏதாவது நோய் உண்டா? தினமும் மாத்திரை சாப்பிடுகிறாரா? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? பத்துக்கு எட்டு பேர் ஒரே பதில்தான் சொல்கிறார்கள். “தெரியாது டாக்டர்.”

போன சீசனில் வந்த இருவரைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மதுரைப் பையன்கள், வயது 24, 25. இரண்டு இரவு சரியான தூக்கமில்லை; ஒரு இரவு பஸ், ஒரு இரவு லாட்ஜில் அரட்டை. மூன்றாம் நாள் காலை, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே ஒருவனுக்கு வலிப்பு. ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வலிப்பு நின்றிருந்தது, ஆனால் மயக்கம் தெளியவில்லை. வலது கையில் ஒரு சாவிக்கொத்து, அதை விரல்களோடு சேர்த்துக் கைக்குட்டையால் கட்டியிருந்தார்கள். உதட்டில் ரத்தம். வாயில் ஸ்பூனை நுழைக்கப் பார்த்திருக்கிறார்கள். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது.

கூட வந்தவன் நடுங்கிக்கொண்டே நின்றான். “இவனுக்கு இதுக்கு முன்னாடி வந்ததே இல்ல டாக்டர்” என்று சத்தியம் செய்தான். அதை நம்பினால் முதல் வலிப்பு என்று வைத்துத்தான் நான் தொடங்க வேண்டும்: தலையில் அடியா, மூளைக்காய்ச்சலா, ஸ்கேனுக்கு உடனே தென்காசிக்கு அனுப்பணுமா? அரை மணி நேரம் கழித்து, வலிப்பு வந்தவனுடைய அம்மாவை போனில் பிடித்தோம். பத்தாம் வகுப்பிலிருந்து வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறானாம். மாத்திரை பெரிய பையின் அடியில். பை லாட்ஜில். பையனை ஏமாற்றியது நோய் இல்லை, கூச்சம்.

கண் விழித்ததும் இருவருக்கும் சண்டை. “எட்டு வருஷமா ஒண்ணா இருக்கோம், சொல்லவே இல்லையேடா!” “சொல்லியிருந்தா கூட்டிட்டு வந்திருப்பியா?” சிஸ்டர் வந்து இருவரையும் அதட்டினார். எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது. வலிப்பு என்றாலே ஒதுக்கி வைக்கிற ஊரில் பையன்கள் சொல்லத் தயங்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் அன்றைக்கு அவர்கள் போக இருந்த இடம் ஐந்தருவி. டீக்கடை பெஞ்சில் வந்தது, ஒரு மணி நேரம் கழித்து அருவிக்கடியில் பாறைமேல் வந்திருந்தால்? வலிப்பு வந்தவர் குப்புற விழுந்தால் முழங்கால் அளவுத் தண்ணீரே போதும்.

வலிப்பு உள்ளவர்கள் பயணமே போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது, தூக்கத்தை வெட்டக்கூடாது, குடி ஆகவே ஆகாது. வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் கூட வலிப்பைத் தூண்டலாம் என்பதால், கடைக்காரரிடம் முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். கூட வருகிறவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்தி, தலைக்கடியில் துண்டை வைத்து, மணியைப் பாருங்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இரும்பு எதையும் நிறுத்தாது, தானாகத்தான் நிற்கும். 5 நிமிடம் தாண்டினாலோ, தெளியாமலே மறுபடி வந்தாலோ 108. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆம்புலன்ஸ் எண் அதேதான். ஆனால் மலைப்பாதையில் சிக்னல் போய்ப் போய் வரும். கடைசியாகத் தாண்டிய ஊர்ப் பெயரை நினைவில் வைத்திருங்கள்.

இதற்கு நேர்மாறாக வந்தவர்கள் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்திக்குச் சின்ன வயதிலிருந்தே இன்சுலின். காலையில் வழக்கமான அளவு போட்டுக்கொண்டு, வழக்கத்தைவிட அதிகம் நடந்து, மதியச் சாப்பாடும் தள்ளிப்போனதில் சுகர் இறங்கிவிட்டது. வியர்த்து, கை நடுங்கி, கண்டக்டரிடம் சண்டைக்குப் போயிருக்கிறாள். தோழி உடனே இடுப்புப் பையிலிருந்து குளுக்கோஸை எடுத்துக் கரைத்துக் கொடுத்துவிட்டாள். இங்கே வந்தபோது எனக்குப் பெரிதாக வேலையில்லை. “காரணமே இல்லாம கோவப்பட்டா அது சுகர் டாக்டர், அவ இல்ல” என்றாள் தோழி. ஒன்று மட்டும் சேர்த்துச் சொன்னேன்: நினைவு இருந்தால்தான் வாயில் கொடுக்கலாம், மயங்கிவிட்டால் ஒரு சொட்டுகூடக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்.

கடலில் கதை வேறு. அங்கே நட்பே ஆளைக் கொல்லும். அலை இழுத்துக்கொண்டு போகிறவரைப் பிடிக்க அடுத்தவர் குதிப்பார், அவரும் போவார். 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாள் அது. கள்ளக்கடல் என்றால், இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. தூரத்துத் தென்கடலில் கிளம்பிய அலை வந்து கரையில் ஏறும். ‘கள்ளக்கடல்’ கேரள மீனவர்கள் வைத்த பெயர், சரியான பெயர். கோவளத்தில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்கலாம். தனிச் சிவப்பு என்றால் இறங்கக்கூடாது. நண்பர் இழுபட்டால் சத்தம் போட்டுக் கடற்கரைக் காவலரைக் கூப்பிடுங்கள், மூடிய காலி கேனோ கயிறோ எதையாவது வீசுங்கள். இழுபடுகிறவர் கரையைப் பார்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் இழுப்பிலிருந்து வெளியே வரலாம். அருவியிலும் மேலே பெய்த மழை கீழே தெரியாது. அதே 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பள்ளி மாணவனைக் கொண்டுபோனது. தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் வந்தால் சோப்பை விட்டுவிட்டு ஓடிவிடுங்கள்.

அப்புறம் காய்ச்சல். ஊர் சுற்றித் திரும்பிய ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் பிடித்து இழுக்கிற வலி என்றால், எந்தத் தண்ணீரில் கால் வைத்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். தேங்கிய தண்ணீர், சேறு வழியாக எலிக்காய்ச்சல் கிருமி காலில் இருக்கிற சிறு காயத்தில் நுழைந்துவிடும். சீக்கிரம் பிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கில் போய்விடும். விட்டால் சிறுநீரகம், ஈரல் என்று போகும். இங்கே மொழியும் காலை வாரும். வர்க்கலையில் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போன சென்னைப் பையனிடம் நர்ஸ் “பனி உண்டோ?” என்று கேட்டிருக்கிறார். “பனியெல்லாம் இல்லீங்க, நல்ல வெயில்” என்று இவன் சொல்லியிருக்கிறான். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். செங்கோட்டை 1956 வரை மலையாள தேசத்தோடு இருந்த ஊர், எங்களுக்குப் பழக்கம். சென்னைக்காரர் என்ன செய்வார், பாவம்.

கிளம்புவதற்கு முன் ஒரு துண்டுத்தாள் போதும். நோய், மாத்திரையின் பெயரும் அளவும், ஒத்துக்கொள்ளாத மருந்து, வீட்டு எண். ரத்த வகை எழுதாவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் எப்படியும் சோதித்துவிட்டுத்தான் ஏற்றுவோம். இரண்டு பிரதி எடுத்து, உங்களுடையதை நண்பரிடம் கொடுங்கள். மாத்திரையையும் இரண்டாகப் பிரித்து இரண்டு பையில் வையுங்கள். போனைப் பூட்டியிருந்தாலும் திரையில் தெரியும்படி அவசரத் தகவல் எழுத இடமிருக்கிறது. அதை நிரப்பி வைத்தவர்களை நான் இதுவரை இரண்டே பேர் பார்த்திருக்கிறேன்.

மதுரைப் பையன்களை மறுநாள் காலை டிஸ்சார்ஜ் செய்தேன். ஊருக்குத் திரும்புங்கள், உங்கள் டாக்டரைப் பாருங்கள் என்றேன். வலிப்பு வந்தவன் முகம் தொங்கிப்போனது. மற்றவன் என்னிடம் மருந்துச் சீட்டை இரண்டாக எழுதி வாங்கி, ஒன்றை மடித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டான். ரயிலில்தான் போகிறார்கள் என்றதும், வாசல் படியில் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

“தெரியும் டாக்டர். ஜன்னலோரம் அவன், வாசல் பக்கம் நான்” என்று இரண்டு பைகளையும் அவனே தோளில் மாட்டிக்கொண்டான்.