முதல் மதிப்பீட்டைக் கேட்கும் சட்டம்

இந்திய அரசு நிதி தந்த வீட்டுத்திட்டத்தில், இலங்கையின் வன்னியில் வீடு கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். கிடைத்தது ஐந்தரை இலட்சம் ரூபாய். அத்திவாரம் எழும்புவதற்குள் மணலும் ஏற்றுகூலியும் கூடின. இன்னும் ஓர் அறை இருந்தால் நல்லது என்று வீட்டுக்குள்ளும் பேச்சு எழுந்தது. மிச்சத்துக்குக் கடன் பட்டவர்கள் பலர்.

அமெரிக்கா ஆயுதம் வாங்கும்போதும் செலவு இப்படித்தான் ஏறுகிறது. அதற்குக் கடிவாளமாக 1982 இல் சாம் நன், டேவ் மெக்கர்டி என்ற இரு காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) உறுப்பினர்கள் கொண்டுவந்ததுதான் நன்–மெக்கர்டி சட்டம். பெரிய திட்டமொன்றில் ஒரு விமானத்துக்கோ கப்பலுக்கோ விழும் சராசரிச் செலவு, நடப்பு மதிப்பீட்டைவிட 15 சதவீதம் அல்லது முதல் மதிப்பீட்டைவிட 30 சதவீதம் கூடினால் காங்கிரசுக்கு அறிவிக்க வேண்டும். அதுவே 25 அல்லது 50 சதவீதத்தை எட்டினால், திட்டம் நிறுத்தப்பட வேண்டியது என்றே சட்டம் கொள்கிறது. நாட்டின் பாதுகாப்புக்கு இது இன்றியமையாதது, குறைந்த செலவில் வேறு வழியில்லை, புதிய மதிப்பீடு நம்பத்தக்கது என்றெல்லாம் பாதுகாப்புச் செயலாளர் சான்றளித்தால்தான் அது தொடரும்.

‘முதல் மதிப்பீடு’ என்ற அளவுகோல் 2006 இல்தான் சேர்ந்தது. சட்டத்தின் உயிரே அதுதான் என்பேன். அதுவரை, செலவு ஏறியதும் மதிப்பீட்டைத் திருத்தி எழுதிவிட்டால் மீறல் கணக்கில் வராமலே போனது.

செலவு ஏற ஒரு காரணம், வேலை தொடங்கிய பின்னும் கூடிக்கொண்டே போகும் தேவைகள். ஜனாதிபதிக்கான விஎச்-71 ஹெலிகொப்டருக்கு, ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த ஐரோப்பிய ஹெலிகொப்டர் ஒன்றையே தெரிந்தெடுத்தார்கள். அதில் இதையும் அதையும் சேர்க்கச் சேர்க்க, சுமார் 6 பில்லியன் டொலர் திட்டம் 13 பில்லியனாகி, 2009 இல் கைவிடப்பட்டது. எண்ணிக்கையைக் குறைத்தாலும் ஒன்றின் விலை ஏறும். 32 என்று எண்ணிய சும்வோல்ட் போர்க்கப்பல்களில் கட்டப்பட்டவை 3. பத்துக் குடும்பத்துக்கென்று வெட்டிய கிணற்றின் செலவை மூன்று குடும்பங்கள் சுமப்பது போலத்தான் இது.

அணுவாயுதம் தாங்கும் சென்டினல் ஏவுகணைத் திட்டம் 2024 இல் மேல்வரம்பையும் தாண்டியது. மதிப்பீடு 81 சதவீதம் ஏறி, ஏறத்தாழ 141 பில்லியன் டொலரானது. ஏற்றத்தின் பெரும்பகுதி ஏவுதளங்களையும் கட்டளை நிலையங்களையும் சார்ந்தது. இங்கும் அத்திவாரத்தில்தான் காசு கரைந்தது. ஆனாலும் சான்றளித்துத் தொடர்கிறார்கள். சட்டம் எல்லாத் திட்டத்தையும் நிறுத்திவிடுவதில்லை. ஆனால் எவ்வளவு ஏறியது, ஏன் ஏறியது என்பதை வாய்திறந்து சொல்ல வைக்கிறது.

நம் ஊரில் குளமோ வீதியோ வீட்டுத்திட்டமோ எதுவானாலும், இலங்கையின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உரிய அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். ‘மதிப்பீடு’ என்று மட்டும் கேட்டால் கடைசியாகத் திருத்தியதே கைக்கு வரக்கூடும். முதலில் அங்கீகரித்த மதிப்பீடு, பின்னர் செய்த ஒவ்வொரு திருத்தத்தின் திகதி, அதற்கான காரணம் என மூன்றையும் பிரித்து எழுதிக் கேளுங்கள்.