‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்றால் சர்க்கரை இல்லை என்று அர்த்தமில்லை

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் நீரிழிவுள்ள ஓர் அம்மா, காப்பிக்குச் சீனி போடுவதை விட்டுவிட்டு, தினமும் 300 மில்லி ஆப்பிள் ஜூஸ் குடித்துவந்தார். பெட்டியில் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று இருந்ததாம். மருந்தகத்தில் திட்டு வாங்கியது அவர்தான். பெட்டியைத் திருப்பிக் காட்டினேன்: 100 மில்லிக்கு 10.5 கிராம் சர்க்கரை. 300 மில்லிக்கு ஆறு தேக்கரண்டிச் சீனி. முன்பக்க மூலையில் சிவப்பாக ‘டி’ என்ற எழுத்தும் இருந்தது. அது என்னவென்று அவருக்கு யாருமே சொல்லவில்லை.

அதுதான் சிங்கப்பூரின் நியூட்ரி-கிரேட், பானங்களை ஏ முதல் டி வரை எழுத்தால் தரம் பிரிக்கும் முறை. 2022 டிசம்பர் 30 முதல் பொட்டல பானங்களுக்கும், ஓராண்டு கழித்துக் கடையில் கலக்கும் பானங்களுக்கும் வந்த விதி. 100 மில்லியில் சர்க்கரை 5 கிராமைத் தாண்டினால் சி, 10 கிராமைத் தாண்டினால் டி. பழத்திலேயே இருந்த சர்க்கரையும் இந்தக் கணக்கில் சேரும். அது சரிதான். பிழிந்த சாற்றின் சர்க்கரையையும் தேனையும் உலகச் சுகாதார நிறுவனம் நாம் போடும் சீனியோடுதான் சேர்க்கிறது. முழுப் பழத்தை அப்படிச் சேர்ப்பதில்லை.

இனி, ஏமாறும் இடங்கள். எழுத்துப் போடுவது சி, டி தரங்களுக்குத்தான் கட்டாயம். சிறு கடைகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. அதனால் தேநீர்க் கடையில் எழுத்தைக் காணோம் என்று நிம்மதி அடையாதீர்கள். ‘சியூ டாய்’ (சீனி குறைவாக) என்று கேட்டாலும் தே-யில் ஊற்றும் கெட்டிப்பாலிலேயே சீனி இருக்கிறது. ‘தே ஓ கோசோங்’ (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) அல்லது ‘தே சி கோசோங்’ (சீனி சேர்க்காத பால் ஊற்றிய தேநீர்) என்று கேளுங்கள். (இந்தச் சி தரம் இல்லை, பாலின் வகை.)

ஒரு கடையில் பானத்தின் சர்க்கரை அளவைக் கேட்டேன். தலைமை அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே படிவம் நிரப்பச் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்து வந்த பதிலில் எண்ணே இல்லை. நீரிழிவுக்காரர் அதுவரை எதைக் குடிப்பது?

பிஸ்கட், காயா (தேங்காய்ப்பால்-முட்டை ஜாம்), தயிர் இவற்றில் இந்த எழுத்தைத் தேடாதீர்கள், இது பானங்களுக்கு மட்டும். பின்பக்க அட்டவணையில் பெரும்பாலும் மொத்தச் சர்க்கரைதான் இருக்கும். சேர்த்தது எவ்வளவு என்று பிரித்திருக்காது. அதனால் மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள், எடை அதிகமானது முதலில் வரும். சாதாத் தயிரில் உள்ளது பாலின் சர்க்கரை. ஸ்ட்ராபெரி தயிரின் பட்டியலில் சீனி தனியாக நிற்கும். குளுக்கோஸ் சிரப், தேன், பழச்சாறு அடர்வு எல்லாம் அதே சீனிதான்.

அடுத்த முறை மருந்தகத்துக்குப் போகும்போது வீட்டிலுள்ள பொட்டலங்களின் பின்பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். “இனிப்பே சாப்பிடுவதில்லை” என்று மட்டும் சொன்னால் மருத்துவர் மாத்திரையைத்தான் கூட்டுவார்.