ஆகாய கங்கை: கொல்லிமலைப் பாறையை அருவி அறுக்கும் விதம்

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில், அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை. அய்யாறு இங்கே சுமார் 300 அடி விழுகிறது. இந்த மலையின் தெய்வ உருவமான கொல்லிப்பாவை, காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் உருவழியாது என்கிறது நற்றிணையின் 201-ஆம் பாடல். மலையின் பாறைக்கும் அந்த உறுதி ஏறக்குறையப் பொருந்தும்.

கொல்லிமலை பெரும்பாலும் சார்னோகைட் பாறை. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுகியது. நயாகராவில் மேலே கடினப் பாறை, கீழே மென்மையான களிப்பாறை. கீழடுக்கு அரிபட, மேலடுக்கு ஒடிந்து விழ, அருவி பின்வாங்குகிறது. இங்கே அத்தகைய மென்மையான அடுக்கு கிடையாது. பாறையின் விரிசல்கள்தான் ஆற்றுக்கு வழிவிடுகின்றன. விரிசலில் தங்கும் நீர் கனிமங்களைச் சிறுகச் சிறுகக் களிமண்ணாக்கும். வெள்ளம் அதைக் கழுவிவிட்டு, பிடிப்பிழந்த பாளங்களைப் பெயர்த்துத் தள்ளும். பாளம் பாளமாகப் பெயர்வதால் பாறைமுகம் சரிவாகத் தேயாமல் செங்குத்தாகவே நிற்கிறது.

300 அடியிலிருந்து காற்றுத் தடையின்றி விழுந்தால் நீரின் வேகம் மணிக்கு 150 கி.மீ. எட்டும். கோடையில் நீர் குறையும்போது தாரை நடுவழியிலேயே துளிகளாகச் சிதறுகிறது. பெரிய மழைத்துளிகூட மணிக்கு 35 கி.மீ. அளவைத் தாண்டாது. மழைக்காலத்தில் தாரை கனத்து, உள்நீர் காற்றில் படாமல் இறங்குவதால் அடி பலமாக விழும். கூடவே கற்களும் வரும். நேர்கீழே நிற்கக் கூடாது என்பது இதனால்தான்.

அடியிலுள்ள கசம், அதாவது ஆழமான நீர்க்குழி, இன்னும் ஆபத்தானது. நுரைத்த நீரில் பாதி காற்று என்றால் மிதப்பு விசையும் பாதியாகிவிடும். தேர்ந்த நீச்சல்காரரும் மூழ்குவார். விழும் நீர் அடிவரை போய், மேலெழுந்து, அருவியை நோக்கியே திரும்பிச் சுழலும். அதில் சிக்கியவர் கரைப்பக்கம் வருவது அரிது.

மூலிகைகளைத் தழுவி வருவதால் இந்நீர் நோய் தீர்க்கும் என்பது ஊர் நம்பிக்கை. குளிப்பவர் உணரும் இதத்துக்கு நேரடிக் காரணம் குளிர்ச்சி: சிதறும் நுண்துளிகள் ஆவியாகிக் காற்றின் வெப்பத்தை இழுத்துக்கொள்கின்றன, விழும் நீர் அந்தக் காற்றை நம்மேல் தள்ளுகிறது.

கடினப் பாறை மழைநீரை அதிகம் உறிஞ்சாது. மேலே மழை கொட்டினால், கீழே வெயிலடித்தாலும் சிறிது நேரத்தில் வெள்ளம் வந்துவிடும். நீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் தடித்தால், உடைமைகளை எடுக்கத் திரும்பாமல் படியேறிவிட வேண்டும். பாசி பிடித்த பாறையில் ஓடாமல், கைப்பிடியைப் பற்றியே நகர வேண்டும்.