தட்டிக்குப் பின்னால் ஒரு பழைய கம்பளம்

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஓர் அலுவலக அறை. உள்ளே கணினி மேசைகள். ஒரு பக்கம் தட்டி வைத்து மறைக்கப்பட்டிருந்தது. சிறு குழுக்களாக வந்த 30 பெண்கள் ஒவ்வொரு முறையும் நாலேகால் மணி நேரத்துக்கும் மேலாக அங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள், கணக்குப் போட்டார்கள், இடையிடையே கேள்வித்தாளை நிரப்பினார்கள். அறையின் வெப்பநிலை, ஈரப்பதம், இரைச்சல், உள்ளே வரும் வெளிக்காற்றின் அளவு எல்லாமே ஒரே நிலையில் பிடித்து வைக்கப்பட்டிருந்தன. மாறியது ஒன்றுதான். சில நாட்களில் அந்தத் தட்டிக்குப் பின்னால் 20 ஆண்டுகள் பழைய தரைக்கம்பளம் ஒன்று இருந்தது. மற்ற நாட்களில் இல்லை. உட்கார்ந்திருந்தவர்களின் கண்ணுக்கு இரண்டு நாட்களுக்கும் வேறுபாடே தெரியாது.

கம்பளம் இருந்த நாட்களில் அவர்களின் தட்டச்சு வேகம் 6.5 சதவீதம் குறைந்தது. தலைவலி கூடியது. காற்று சரியில்லை என்று குறைசொன்னவர்கள் 15 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக உயர்ந்தார்கள். 1999இல் வெளியான இந்தச் சோதனையின் தொடர்ச்சியாக, கம்பளத்தை எடுக்காமலே வெளிக்காற்றை மட்டும் கூட்டிப் பார்த்தார்கள். ஆளுக்கு நொடிக்கு 3 லிட்டர், பிறகு 10, பிறகு 30. காற்று இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் வேலைத்திறன் சராசரியாக 1.7 சதவீதம் ஏறியது.

கட்டடங்களைப் பற்றிய சோதனைகளில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். ஓர் அறையின் சுகத்தைப் பற்றி நாம் வழக்கமாகப் பார்க்கும் எண்கள் எல்லாம் இரண்டு நாட்களிலும் ஒன்றே. வேறுபாட்டைக் கண்டுபிடித்த கருவி, உள்ளே இருந்த மனித உடல்.

ஆய்வகங்கள் இதை உணர்ந்துதான் மூக்கையே அளவுகோலாகப் பழக்கின. அசிட்டோன் ஆவியைத் தெரிந்த அளவுகளில் முகரவைத்து, 'இந்த அளவு நெடிக்கு இந்த எண்' என்று ஒரு குழுவுக்குப் பயிற்சி தருவார்கள். பிறகு அவர்களைச் சோதனை அறைக்குள் அனுப்பி, நுழைந்த சில நொடிகளுக்குள் தீர்ப்பைக் கேட்பார்கள். தாமதித்தால் பயனில்லை, நெடி சில நிமிடங்களில் மூக்குக்குப் பழகிப்போகும். அடைத்த வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாமல், கதவைத் திறந்து வரும் ஆசிரியருக்கு மட்டும் முகம் சுளிப்பது இதனால்தான். டேனிஷ் அறிஞர் ஓலே ஃபாங்கர் 1988இல் இதற்கென்று 'ஓல்ஃப்' என்ற அலகையே வகுத்தார். உட்கார்ந்து வேலை செய்யும், நாளொன்றுக்குச் சராசரியாக 0.7 முறை குளிக்கும் ஒருவரின் உடல் காற்றில் சேர்க்கும் நெடி ஓர் ஓல்ஃப். நாள் தவறாமல் குளிப்பதைச் சாதாரணமாக நினைக்கும் ஊர்க்காரர்கள் அந்த 0.7ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அளவுகோலுக்குள்ளேயே ஓர் ஊரின் பழக்கம் உட்கார்ந்திருக்கிறது.

பொருள்களைச் சோதிக்கும்போது மூக்கோடு வேதியியலும் சேர்ந்துகொள்ளும். புதிதாக அலமாரி அடித்த அறையில் கண் எரிகிறதே, அதற்குப் பெரும்பாலும் காரணம் பலகையை ஒட்டிய பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு. பலகைத் துண்டைக் கண்ணாடியாலோ எவர்சில்வராலோ ஆன மூடிய பெட்டிக்குள் வைத்து, சுத்தமான காற்றை ஒரே வேகத்தில் செலுத்துவார்கள். வெளியேறும் காற்றைச் சிறு குழாய் வழியாக இழுத்து, அதிலுள்ள வேதிப்பொருளில் ஃபார்மால்டிஹைடு ஒட்டிக்கொள்ளும்படி செய்து, பிறகு அளந்து பார்ப்பார்கள். சர்வதேச நெறிமுறைப்படி இந்தச் சோதனை 28 நாட்கள் வரை நீளும். முதல் நாள் நெடியைவிட, மாதம் கழிந்தும் கசிந்துகொண்டிருப்பதுதான் குடியிருப்பவருக்கு முக்கியம். ஒரு கனமீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராமை அரை மணி நேரச் சராசரியாகத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

பெட்டிக்குள் வழக்கமாக வைக்கப்படும் வெப்பநிலை 23 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம். வெப்பமும் ஈரமும் கூடக்கூட ஃபார்மால்டிஹைடு வேகமாகக் கசியும். கடற்கரை ஊர் ஒன்றில், மே மாதம், பூட்டிய வீட்டுக்குள் நிற்கும் அதே அலமாரி என்ன செய்யும் என்பதை அந்தச் சோதனையில் தேறிய சான்றிதழ் சொல்லாது. சோதனையில் பிழை இல்லை. அது கற்பனை செய்துகொண்ட அறை நம்முடையதாக இல்லை.

சூடு, குளிர்ச்சி விஷயத்திலும் இதே கேள்வி வருகிறது.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது, பழைய குண்டு பல்பு ஒன்றைப் போல. அந்த வெப்பம் தடையில்லாமல் வெளியேறினால் சுகம்; தேங்கினால் புழுக்கம்; அளவுக்கு மீறி ஓடினால் நடுக்கம். இதைத் தீர்மானிப்பவை ஆறு: காற்றின் வெப்பநிலை, சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பநிலை, காற்றின் வேகம், ஈரப்பதம், உடுத்தியிருக்கும் துணி, செய்யும் வேலை. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டை மாடிக்குக் கீழே இரவு பத்து மணிக்குப் படுத்துப் பாருங்கள். காற்று ஆறியிருக்கும், ஆனால் கான்கிரீட் தளம் மேலிருந்து வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். ஆய்வகத்தில் இதை அளக்கக் கருப்பு வண்ணம் பூசிய ஒரு செப்பு உருண்டை போதும். உள்ளே ஒரு வெப்பமானி. சுவரும் கூரையும் வீசுவதை அந்தக் கருப்பு வாங்கிக்கொள்ளும்.

துணியை அளக்க ஒரு பொம்மை இருக்கிறது. கடையில் சேலை கட்டி நிறுத்தும் பொம்மை அளவுக்கு இருக்கும். ஆனால் அதன் மார்பு, முதுகு, கை, கால் எனத் தனித்தனிப் பகுதிகளுக்கு அடியில் சூடேற்றும் கம்பிகள் ஓடும். தோலின் வெப்பநிலையான ஏறத்தாழ 34 டிகிரியிலேயே ஒவ்வொரு பகுதியையும் நிறுத்தி வைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்று பார்த்தால், அந்தப் பகுதி எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பது தெரிந்துவிடும். துணியின் காப்புக்கு 'க்ளோ' என்று அலகு. கோட்டும் சூட்டும் சேர்ந்தால் ஒரு க்ளோ. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இந்தப் பொம்மைக்குச் சேலையைப் பல விதமாகக் கட்டிப் பார்த்தார்கள்; முடிவு 2015இல் வெளியானது. சேலையை உடுத்தும் விதம் மாறினால் காப்பும் மாறுகிறது. வியர்த்தால் முந்தானையை விசிறிக்கொள்வதும், குளிர்ந்தால் இழுத்துப் போர்த்திக்கொள்வதும் நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் செய்வதுதான். அதற்கு அளவு கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

பொம்மை வெப்பத்தைச் சொல்லும், சுகத்தைச் சொல்லாது. அதற்கு மனிதர்களைத்தான் கேட்க வேண்டும். 1960களில் அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, பெரும்பாலும் கல்லூரி மாணவர்களை, ஒரே மாதிரி உடுத்தச் செய்து, கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில் மணிக்கணக்காக உட்காரவைத்து, 'இப்போது எப்படி இருக்கிறது?' என்று கேட்டார்கள். மிகக் குளிருக்கு -3, மிகச் சூட்டுக்கு +3. அந்தப் பதில்களை வெப்பக் கணக்கோடு பிணைத்து ஃபாங்கர் உருவாக்கிய சமன்பாடு உலகம் முழுவதும் குளிர்சாதன வடிவமைப்பின் அடிப்படையானது. எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் ஓர் அறையில் 5 சதவீதம் பேர் குறைசொல்வார்கள் என்பதும் அதிலிருந்து வந்ததுதான்.

சமன்பாட்டில் பிசகு காண்பது என் நோக்கம் இல்லை. ஆனால் ஜன்னல் திறக்காத அறையில், தன் கைக்கு எந்த விசையும் எட்டாமல் உட்கார்ந்திருந்தவரின் பதில் அது. தலைக்கு மேல் விசிறி ஓடும் அறையில் பிறந்து வளர்ந்தவரைக் கேட்டால்?

சிங்கப்பூரில் கேட்டார்கள். வெப்பமண்டல வாழ்க்கைக்குப் பழகிய 56 பேர். 23, 26, 29 டிகிரி. 23இல் விசிறி இல்லை; 26, 29 இரண்டிலும் ஒருமுறை விசிறி இல்லாமல், ஒருமுறை விசிறியோடு. விசிறியின் வேகம் அவரவர் கையில். 2017இல் வெளியான முடிவு: கையருகே விசிறி இருந்தால் 26 டிகிரியும் 29 டிகிரியும் அங்கே வழக்கமான 23 டிகிரி அளவுக்கு, அல்லது அதைவிடவும், சுகமாக இருந்தன. காற்றின் தரமும் குறைந்ததாகத் தோன்றவில்லை. யோசித்துச் செய்யும் வேலைகளில் 26 டிகிரிதான் முன்னால் நின்றது.

விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. அதன் மோட்டார் அறைக்குக் கொஞ்சம் சூட்டைக்கூடச் சேர்க்கும். அது செய்வது வேறு வேலை. நம் உடலைச் சுற்றி, உடல் சூட்டிலேயே வெதுவெதுப்பாகி, வியர்வையின் ஈரமும் ஏறிய மெல்லிய காற்றுப் போர்வை ஒன்று எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விசிறி அதைக் கலைத்துவிடுகிறது. வியர்வை ஆவியாக வழி திறக்கிறது.

இந்தியாவில் அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் முன்னின்று, சோதனை அறையை விட்டு வெளியே வந்து, வேலை நடக்கும் அலுவலகங்களிலேயே கேட்டது. அகமதாபாத், பெங்களூரு, சென்னை, டெல்லி, சிம்லா ஆகிய ஐந்து ஊர்களின் 16 கட்டடங்களில் 6,330 பதில்கள். ஒருவர் 'எப்படி இருக்கிறது' என்று பதில் எழுதும்போதே அவர் இருக்கும் இடத்தின் வெப்பநிலை, ஈரப்பதம், காற்று வேகம் பதிவாகின. கிடைத்த கணக்கு மிக எளிது. கடந்த 30 நாட்களின் சராசரி வெளி வெப்பநிலையை 0.54ஆல் பெருக்கி, 12.83ஐக் கூட்டினால், ஜன்னல் திறந்த கட்டடத்தில் மக்களுக்கு இதமான வெப்பநிலை வந்துவிடும். வெளியே 28 டிகிரி என்றால் உள்ளேயும் 28தான். ஏசியையும் ஜன்னலையும் மாறிமாறிப் பயன்படுத்தும் கட்டடத்துக்குத் தனிக் கணக்கு. அதே 28க்கு அது சொல்லும் விடை ஏறத்தாழ 25.7 டிகிரி. இந்தக் கணக்கு 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இடம்பெற்றது. 2020 ஜனவரி முதல், இந்தியாவில் விற்கும் வீட்டு ஏசிகள் பொத்தானை அழுத்தியதும் 24 டிகிரியில்தான் தொடங்குகின்றன.